ஹோண்டா எஸ் 2000 காருக்கு வாரிசு வர வேண்டுமா?

ஆசைக்குக் கேட்டால் வேண்டும். கணக்குப் பார்த்தால் கஷ்டம். 1999 முதல் 2009 வரை வந்த அந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 2 லிட்டர் இன்ஜின் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) வரை சுழலும். அந்த அலறலுக்காகவே வாங்கியவர்கள் உண்டு (நானும் வாங்கியிருப்பேன், காசுதான் இல்லை). ஆனால் ஹோண்டாவின் மற்ற கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடுபவை, இதுவோ பின்சக்கரம். அதனால் சேஸி (காரின் அடிச்சட்டம்), கியர்பாக்ஸ் எல்லாம் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. விற்றதோ மொத்தம் சுமார் 1,10,000 தான். டொயோட்டாவே தன் 86 என்ற ஸ்போர்ட்ஸ் காரை சுபாருவோடும், 2019-ல் வந்த சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரை பிஎம்டபிள்யூவோடும் சேர்ந்துதான் உருவாக்கியது. ஹோண்டாவும் அப்படி ஒரு கூட்டாளியைப் பிடித்தால், சரி, செய்யட்டும். மின்சாரக் காராக்கி, கனமான பேட்டரியை ஏற்றிவிட்டுப் பழைய பெயரை மட்டும் ஒட்டுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.