ஸ்பார்டா ஒரே போரில் சரிந்தது ஏன்?
ஆள் தீர்ந்துபோனதுதான் காரணம். கி.மு. 404இல் ஏதென்ஸைப் பணியவைத்த பண்டைக் கிரேக்க நகர அரசான ஸ்பார்டா, 371இல் லூக்ட்ரா போரில் தீப்ஸ் நகரத்திடம் தோற்றதும் ஏன் எழவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். அங்கே போரிட்ட ஸ்பார்டாவின் முழு உரிமை பெற்ற குடிமக்கள் சுமார் 700 பேர்; அதில் 400 பேர் மாண்டார்கள்.

குடிமக்கள் இப்படிக் குறைந்ததற்கு, நிலம் சில குடும்பங்களிடம் குவிந்ததே முக்கியக் காரணமாக இருக்கும். பொது உணவுக்கூடத்துக்குத் தன் பங்கைக் கட்ட முடியாதவனுக்குக் குடியுரிமை போய்விடும். வெளியாரைச் சேர்க்கவும் மனமில்லை. வீம்புதான், வேறென்ன!

கி.மு. 480க்கு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் 8000 குடிமக்கள் என்ற கணக்கையும், பின்னாளில் ஆயிரம்கூட இல்லை என்ற அரிஸ்டாட்டிலின் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது தோராயம்தான்.

அப்புறம், லூக்ட்ராவை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். கி.மு. 369 வாக்கில் தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ், ஸ்பார்டாவின் பிடியிலிருந்த மெசீனியாப் பகுதியை விடுவித்தார். ஸ்பார்டாவுக்காக அங்கே உழுதுகொண்டிருந்த ஹெலாட்டுகள் எனும் அடிமை உழவர்களும் கைவிட்டுப் போனார்கள்.