கையெழுத்து மட்டும் போட்டால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. முதியோர்களுக்குப் பகல்நேர இல்லமும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம் என்னை இயக்குநராக வரச்சொல்லிக் கேட்கிறது. டிரஸ்ட் இல்லை, லாப நோக்கமில்லாத தொண்டுக்காகக் கம்பெனிகள் சட்டத்தில் பதிவு செய்யும் செக்‌ஷன் 8 கம்பெனியாம். "வேலை ஒன்றும் இல்லை டீச்சர், கேட்கும்போது ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகப் போங்கள் டீச்சர். பள்ளிக்கூடத்தையே கட்டி நடத்தியவர்கள் போர்டுக்கு வந்தால் அந்த முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் வெறும் கையெழுத்துக்காகக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

தொண்டு நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்வதிலேயே என் காலம் போயிருக்கிறது. ஓரிடத்தில் மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்தேன். வருடம் முழுக்க நடந்த கூட்டங்களின் குறிப்புகளும் ஒரே பேனாவில், ஒரே மையில் இருந்தன. நடுவில் தேதிக்கு விட்ட இடத்தில் மட்டும் வேறு மை. அதில் ஒரு கூட்டத்துக்கு வந்திருந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்த பெரியவர், அந்த மாதம் முழுக்க மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் இருந்தவர். "பையன் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான், போட்டுக் கொடுப்பேன்" என்றார். ஊரில் அவரைத் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. அதே கூட்டத்தில்தான் நிரந்தர வைப்புத்தொகையை உடைக்கத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்தப் பணம் எதற்குப் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு இயக்குநரின் கடமைகளைச் சொல்கிறது. நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் நடக்க வேண்டும், சுயமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும், தனக்கோ தன் உறவினருக்கோ ஆதாயம் தேடக்கூடாது. மீறினால் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதம். சம்பளம் வாங்காத இயக்குநருக்கு இதில் சலுகை எதுவும் கிடையாது.

சம்மதம் சொல்வதற்கு முன் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். கடைசியாகப் பொதுக்குழு நடந்த தேதியும், கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கின் தேதியும் இருக்கும். பழைய தேதியாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். தாமதமான ஒவ்வொரு ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கைப் படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-இல் நாடு முழுக்க மூன்று லட்சத்துக்கும் அதிகமான இயக்குநர்கள் இப்படித் தகுதி இழந்தார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள். வாங்கினால் எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

சேர்ந்த பிறகு ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். செக்‌ஷன் 8 கம்பெனிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு போர்டு கூட்டமாவது கட்டாயம். ஒவ்வொரு கூட்டத்திலும் பாங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் அடித்த சுருக்கக் கணக்கு வேண்டாம், பாங்க் கொடுத்த அசல்தான் வேண்டும். ஆயாவுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போயிருக்கிறது, அரிசிக் கடைக்கு எவ்வளவு, ரொக்கமாக எடுத்தது எவ்வளவு என்று பார்க்கக் கால் மணி நேரம் போதும். பரீட்சைத் தாள் திருத்திய கண் உங்களுடையது, டீச்சர்.

கேள்வி: நான் இயக்குநராக இருக்கும் தொண்டு நிறுவனம் இயங்குவது நிறுவனரின் மனைவிக்குச் சொந்தமான கட்டடத்தில். நிறுவனரும் போர்டில் இருக்கிறார். இந்த வருடம் வாடகையை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். கேட்டால், "அவர் இல்லாவிட்டால் இந்த நிறுவனமே இல்லை" என்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறுவனர் வீட்டுக் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பதே தப்பு என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமான வாடகை கொடுக்கலாம். அது நியாயமானதுதான் என்று காட்ட உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? அதே தெருவில் அதே அளவுள்ள கட்டடங்களின் வாடகையை எழுத்தில் வாங்குங்கள். தன் மனைவியின் சொத்து என்பதை நிறுவனர் போர்டில் சொல்ல வேண்டும், மினிட்ஸில் அது ஏற வேண்டும். வாடகையைப் பேசும்போது அவர் வெளியே இருக்கட்டும். நிறுவனரின் குடும்பத்துக்கு நியாயத்துக்கு மேல் பணம் போனால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து வரலாம். இதைச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு இறங்கிவரும்.

நிறுவனர் பட்ட கஷ்டம் பெரியதுதான், அதை மதிக்க வேண்டும். ஆனால் நன்கொடை கொடுத்தவர்கள் முதியவர்களின் சாப்பாட்டுக்காகக் கொடுத்தார்கள். அதையும் யாராவது கூட்டத்தில் சொல்ல வேண்டும், நீங்களே சொல்லுங்கள். ஒத்துவராவிட்டால், "எனக்கு உடன்பாடில்லை" என்று மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ராஜினாமா கடிதம் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இன்னும் என் பெயர் இயக்குநராகவே இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலோ, கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்ட நாளிலோ, இரண்டில் எது பிந்தியதோ அன்று ராஜினாமா அமலுக்கு வந்துவிடும். கம்பெனி 30 நாளுக்குள் அரசின் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் டிஐஆர்-11 என்ற படிவத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். கடிதத்தின் நகலும், அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் வேண்டும். தபாலின் ஒப்புகை அட்டை அல்லது மின்னஞ்சல் போதும். கையில் கொடுத்துவிட்டு எதுவும் வாங்காமல் வந்திருந்தால், அவர்களுக்கு மீண்டும் ஒரு கடிதம் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நீங்கள் பதவியில் இருந்த காலத்தில் நடந்த தவறுகளுக்குப் பொறுப்பு ராஜினாமாவோடு போய்விடாது. அதனால் அந்தக் காலத்து மினிட்ஸ் நகல்கள் வீட்டில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.