ராலி காரில் கோ-டிரைவர் ஓயாமல் என்ன வாசிக்கிறார்?

பேஸ் நோட்ஸ், அதாவது பாதையின் வளைவு, மேடுகளைக் குறித்துவைத்த குறிப்புகள். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு ஸ்டேஜையும் (நேரம் கணக்கிடப்படும் பாதைப் பகுதி) இரண்டு முறைதான், அதுவும் வேகக் கட்டுப்பாட்டோடு, ஓட்டிப் பார்க்க முடியும். முதல் சுற்றில் டிரைவர் சொல்லச் சொல்ல கோ-டிரைவர் சுருக்கக் குறிகளாக எழுதுவார். இரண்டாவது சுற்றில் வாசித்துத் திருத்துவார்கள்.

"80, ரைட் 4, மேடு, லெஃப்ட் 2 இறுகுது, வெட்டாதே" என்றால், 80 மீட்டர் நேர்ப்பாதைக்குப் பிறகு வலது வளைவு, ஒரு மேடு, அப்புறம் போகப்போகக் குறுகும் இடது வளைவு. எண்கள் வளைவின் கடுமை. பலருக்கு 1 மிகக் குறுகல், 6 கிட்டத்தட்ட நேர். சிலர் தலைகீழாக வைத்திருப்பார்கள். "வெட்டாதே" என்றால் வளைவின் உள் ஓரத்தை ஒட்டிக் குறுக்கே போகாதே, அங்கே கல்லோ குழியோ இருக்கிறது.

என்னைக் கேட்டால், எழுதுவதைவிடக் கடினம் சொல்லும் நேரம்தான். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் 80 மீட்டர் 2 விநாடியில் தீர்ந்துவிடும். தாமதமாகச் சொன்னால் பிரேக் பிடிக்க இடமிருக்காது. ரொம்ப முன்னால் சொன்னால் டிரைவர் மறந்துவிடுவார். பெரும்பாலும் கோ-டிரைவர்கள் ஒன்றிரண்டு வளைவு முன்னதாகவே வாசிப்பார்கள். வரி தவறினால் ஊகித்து வாசிக்கவே கூடாது. "தொலைத்துவிட்டேன்" என்று இன்டர்காமில் உடனே சொல்ல வேண்டும்; டிரைவர் கண்ணை நம்பி வேகத்தைக் குறைப்பார், அடுத்த சந்திப்பு மாதிரி தெளிவான அடையாளத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.