கேளுங்கள் அக்காவிடம்: சினை லாங்கஸ்டீன்

கேள்வி: அக்கா, டர்பன் மீன்கடையில் வாங்கிய லாங்கஸ்டீனில் (இடுக்கியுள்ள ஆழ்கடல் இறால் வகை) இரண்டுக்கு வாலடியில் முட்டை கொத்தாக ஒட்டியிருந்தது. இறாலில் இப்படிப் பார்த்ததே இல்லை. சாப்பிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: சாப்பிடலாம் தங்கச்சி, உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அடுத்த முறை சினை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

துகேலா ஆறு கடலில் சேரும் பக்கம் ஆழமில்லாத நீரில் வாழும் வெள்ளை இறால் முட்டையைச் சுமப்பதில்லை. லட்சக்கணக்கில் தண்ணீரில் விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். அதனால்தான் நீங்கள் பார்த்ததில்லை. லாங்கஸ்டீன் வாழ்வது நம் கரைக்கு அப்பால், பல நூறு மீட்டர் ஆழத்துக் குளிர்ந்த சேற்றில். அது இடுவது கொஞ்ச முட்டைதான், ஒவ்வொன்றும் பெரிது. வாலடியில் இருக்கும் நீச்சல் கால்களின் மயிரில் ஒட்டவைத்து, அந்தக் கால்களை அசைத்து அசைத்து நல்ல தண்ணீர் படவைத்துக்கொண்டே பல மாதம் சுமக்கும். ஒரு முட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை குஞ்சின் கண்கள், பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. பொரிந்ததும் சில நாள் நீந்திவிட்டுச் சேற்றில் இறங்கிவிடும். இத்தனை மாதம் சுமந்த தாய் பிடிபட்டுக் கரையேறும்போது பொரிக்காத அந்தக் குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. எனக்கு அது தாங்கவில்லை.

நாம் கிரேஃபிஷ் என்று வாங்கும் சிங்கி இறாலும் சினையைச் சுமக்கும். அதன் குஞ்சோ கண்ணாடி இலை மாதிரித் தட்டையாக, மாதக்கணக்கில் கடலில் மிதந்து திரியும். பொழுதுபோக்குக்குச் சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் சினையோடு கிடைத்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டம். ஓடு மென்மையாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: இவற்றுக்கு என்ன வயதிருக்கும்?
– அதே வாசகி

பதில்: வயது சொல்வது கடினம். மீனென்றால் காதுக்கல்லை அறுத்து வளையங்களை எண்ணிவிடலாம். இவை ஓட்டைக் கழற்றித்தான் வளரும். முதுகு ஓட்டுக்கும் வாலுக்கும் நடுவே பிளந்து, பின்பக்கமாக நழுவி வெளியே வரும். காலுறை, கண்ணுறை, இரைப்பையின் உள்வரி வரைக்கும் பழசோடு போய்விடும். அப்புறம் தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெருக்கிக்கொண்டு, புது ஓடு இறுகும்வரை பதுங்கியிருக்கும். அடுத்த கழற்றல் வரை ஓடு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. குளிர்ந்த ஆழத்தில் அந்த இடைவெளி நீளும். ஆழ்கடல் சிவப்பு நண்டு இனங்களில் வளர்ந்த பெண்ணுக்கு வருடக்கணக்கில்கூட ஆகும். அவள் புது ஓட்டோடு மென்மையாக இருக்கும்போதுதான் ஆண் சேரும்.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் சிங்கி இறாலை அளந்து, ஓட்டுக்கும் வாலுக்கும் இடையே சதையில் பிளாஸ்டிக் அடையாளப் பட்டி குத்தி விடுகிறார்கள். ஓடு கழன்றாலும் பட்டி நிற்கும். மறுபடி பிடிபட்டால் எவ்வளவு வளர்ந்தது, எங்கே போனது என்று தெரியும். தென்கரைச் சிங்கி இறாலின் குட்டிகள் அகுலாஸ் நீரோட்டத்தை எதிர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடப்பது இப்படித்தான் தெரியவந்தது. உங்கள் கையில் பட்டி ஏதும் சிக்கினால் எறிந்துவிடாதீர்கள். பிடித்த இடம், தேதி, ஓட்டின் நீளம் மூன்றையும் எழுதி மீன்வளத் துறையில் கொடுங்கள்.