எட்டு முகம் என்றால் எந்த எட்டு முகம்?

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், நூறு பக்கம் வரைக்குமான பலகோணங்களின் கிரேக்கப் பெயர்களை எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறாள். இதனால் பயன் உண்டா? திண்ம வடிவங்களுக்கும் இப்படி முகங்களை எண்ணிப் பெயர் சொன்னால் போதுமா?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆசையாகப் படிக்கிறாள் என்றால் தடுக்காதீர்கள். ஆனால் பன்னிரண்டைத் தாண்டினால் கணிதத்தில் இருப்பவர்களே பெரும்பாலும் எண்ணைத்தான் சொல்கிறார்கள். 1796இல், பத்தொன்பது வயதுகூட நிறையாத ஜெர்மானியக் கணிதர் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து பக்கங்களும் கோணங்களும் சமமான, ஒழுங்கான 17 பக்க வடிவத்தை வரைய முடியும் என்று நிறுவினார். அதற்கு ஹெப்டாடெகாகன் என்று பெயர் உண்டு, ஆனால் 17 என்ற எண்ணில்தான் அந்தக் கண்டுபிடிப்பே இருக்கிறது.

பலகோணத்துக்கு எண் போதும். பக்கங்கள் வரிசையாகச் சுற்றிவந்து மூடுகின்றன, வேறு விதமாகச் சேர வழியில்லை. திண்மத்தில்தான் விஷயம் சுவையாகிறது. சதுர அடி கொண்ட பிரமிடுக்கு ஐந்து முகம், முக்கோணப் பட்டகத்துக்கும் ஐந்து முகம். முன்னதற்கு 8 விளிம்பு, பின்னதற்கு 9. குழிவில்லாத திண்மங்களை மட்டும் எடுத்து, முகங்கள் சேரும் விதத்தை வைத்துப் பிரித்தால் ஆறு முகத்தில் 7 வகை, ஏழு முகத்தில் 34, எட்டு முகத்தில் 257! எண்முகி என்று மட்டும் சொன்னால் இந்த 257இல் எது என்று எப்படித் தெரியும்?

அதனால்தான் வானியலாளர் கெப்ளர் 1619இல் வெளியிட்ட நூலில் பெயர் வைத்த முறை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இருபது முக்கோண முகம் கொண்ட இருபதுமுகியின் 12 மூலைகளையும் சீவினால் 12 ஐங்கோணமும் 20 அறுங்கோணமும் கிடைக்கும், நாம் பார்த்துப் பழகிய கறுப்பு வெள்ளைக் கால்பந்தின் அமைப்பு. மொத்தம் 32 முகம். பன்னிரண்டு ஐங்கோண முகம் கொண்ட பன்னிருமுகியின் மூலைகளைச் சீவினாலும் 32தான் வரும், ஆனால் அது 20 முக்கோணமும் 12 பத்துகோணமும் கொண்ட வேறொரு வடிவம். “மூலை சீவிய இருபதுமுகி” என்ற பெயரிலோ செய்முறையே இருக்கிறது, பெயரைக் கேட்டவர் வடிவத்தைச் செய்துவிடலாம்.

அப்புறம், உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆறு முகத் திண்மங்கள் ஏழையும் அட்டையில் செய்யட்டும். கனசதுரம் ஒன்று, ஐங்கோண அடி கொண்ட பிரமிடு ஒன்று, இரண்டு நான்முகிகளை முகத்தோடு முகம் ஒட்டினால் இன்னொன்று. உருளைக்கிழங்கில் நான்முகி செதுக்கி இரண்டு மூலைகளை மட்டும் வெட்டினால் நான்காவது. மீதி மூன்றையும் அவளே தேடிக் கண்டுபிடித்து, பெயரும் அவளே வைக்கட்டும்.