அந்த 1,850 ரூபா எங்கிருந்து வந்தது?

கேள்வி: எனக்கு 43 வயது. பேராதனையில் புவிச்சரிதவியல் (ஜியோலஜி) படித்தேன். 2011இல் மன்னார்க் கடலில் கிணறு தோண்டியபோது கப்பலில் வேலை. பிறகு ஓமான்: முதலில் பாலைவனத்தில் கிணறு தோண்டும் ரிக், கடைசி எட்டு வருடம் மஸ்கட் அலுவலகத்தில் ரிசர்வோயர் (எண்ணெய், எரிவாயு இருக்கும் கல்படை) மதிப்பீடு. ஒப்பந்தம் முடிந்து மனைவி, மகளோடு கொழும்புக்கு வந்து நாலு மாதமாகிறது. அபுதாபியில் மூன்று வருட ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. இங்கே ஓர் ஆலோசனை நிறுவனத்திலும் இடம் உண்டு, சம்பளம் நாலில் ஒரு பங்கு. எண்ணெய்த் தொழிலுக்கு இனி எதிர்காலம் இருக்கிறதா, மன்னார் எரிவாயு எப்போதாவது வெளியே வருமா என்று யோசித்து நித்திரை இல்லை. அப்பாவுக்கு 2021இல் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இயங்காது. அந்தக் கவலை எனக்கு இல்லை. வெள்ளவத்தை பிளாட்டில் தங்கச்சி கூடவே இருக்கிறாள். அதற்காகவே வங்கி வேலையை விட்டவள். மாதம் 120,000 ரூபா, 2021இலிருந்து ஒரு மாதமும் தவறாமல் அனுப்பியிருக்கிறேன். அவளும் சதம் பிசகாமல் கொப்பியில் கணக்கு எழுதி வாட்ஸ்அப்பில் படம் போடுவாள். செலவு விளங்குவதற்காக ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன். போவதா, இருப்பதா?

– புவிச்சரிதவியலாளன், கொழும்பு 6

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதம் ஏழு பக்கம், அதில் ஆறு பக்கம் கல்லும் எண்ணெயும். 'திரும்பப் போவதா, இருப்பதா' என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு இங்கே குறைவில்லை. கட்டாரில் கணக்காளர், கப்பலில் எஞ்சினியர், சவூதியில் டொக்டர், எல்லோரும் எழுதுகிறார்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரு மூலையில் 'அக்கா பார்த்துக்கொள்கிறா', 'தங்கச்சி இருக்கிறாள்' என்று ஒரு வரி கிடக்கும். மற்றவர்கள் அந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கொப்பியின் பக்கத்தையே அனுப்பிவிட்டீர்கள்.

அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீ.ஆர். கொப்பி, நீல மை. வங்கியில் இருந்தவள் என்று எண்களே சொல்கின்றன, ஒன்றுக்குக் கீழ் ஒன்று நூல் பிடித்தாற்போல நிற்கின்றன. பாமசி, பம்பர்ஸ், பிசியோ செய்ய வருகிறவருக்கு, மீன், காஸ், கரண்ட் பில், அப்பாவைக் கிளினிக் கொண்டுபோன ஓட்டோ. பதினேழாவது வரியில் 'கண்ணாடிக் கால் திருத்தினது 1,850' என்று இருக்கிறது. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில்: 'என்னுடையது. திருப்பி வைத்தாச்சு.'

அந்த 1,850 ரூபா எங்கிருந்து வந்தது, தம்பி? அவளுக்குச் சம்பளம் இல்லை. உங்கள் காசில் தனக்கென்று ஒரு சதமும் எடுப்பதில்லை என்பதற்கு இந்தக் கோடே சாட்சி. அப்படியானால் வங்கியில் இருந்த காலத்தில் சேர்த்ததில் இருந்து எடுத்திருக்கிறாள். சொந்த அப்பனைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவள், அப்பனுக்கு மருந்துச் சீட்டு வாசிக்கிற கண்ணாடியைத் தன் சேமிப்பில் திருத்தி, அதற்கும் அண்ணனுக்குக் கணக்கு ஒப்புவிக்கிறாள். நீங்கள் அவள் போட்ட படத்தை எடுத்து, 'பாருங்கள் எவ்வளவு செலவு' என்று எனக்கு அனுப்புகிறீர்கள். அந்த வரி உங்கள் கண்ணிலேயே படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கணக்கு எழுதச் சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், நம்புகிறேன். ஆனால் என்றைக்கோ ஒரு நாள் போன் கோலில் 'இந்த மாதம் ஏன் கூட வந்திருக்கு?' என்று ஒரு வார்த்தை விட்டிருப்பீர்கள். அவளுக்கு அது போதும். கணக்குக் காட்டுவது சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் முதலாளிக்குச் செய்வது. ஓர் அப்பனின் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மற்றவருக்கு எதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்? எங்கள் வீடுகளில் மகன் காசு அனுப்பினால் கடமை முடிந்தது, மகள் உடம்பால் உழைத்தாலும் அது கடமைக் கணக்கில் ஏறாது. இந்தப் பழக்கத்தை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

சரி, கணக்குத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காகப் பார்ப்போம். மாதம் 120,000, ஒரு மாதமும் தவறவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்பளமோ டொலரோடு கட்டிய ரியாலில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அப்போது நீங்கள் அனுப்பியது 600 டொலர். மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. அதே 120,000 ரூபாவுக்கு உங்களுக்குச் செலவானது 333 டொலர். செப்டெம்பரில் கொழும்பில் சாமான் விலை முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடி நின்றது. நாடு வயிற்றைக் கட்டிய வருடத்தில் உங்கள் சுமை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது, அவளுடையது கூடியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். நாலாம் மாடி, லிப்ட் ஓடாது, மோட்டர் ஓடாமல் தண்ணீரும் ஏறாது, கட்டிலில் அப்பா, கீழே காஸுக்கு வரிசை. அந்த மாதங்களின் பக்கங்கள் உங்கள் போனில் இருக்கும். எடுத்துப் பாருங்கள், மீன் என்ற வரி எத்தனை இடத்தில் இருக்கிறதென்று.

கொப்பியில் ஏறாத கணக்கு இன்னொன்று. வங்கியில் இருந்திருந்தால் அவள் சம்பளத்தில் 8 வீதம், வங்கி தன் பங்குக்கு 12 வீதம் என்று ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎப்) போயிருக்கும். ஊழியர் நம்பிக்கை நிதி (ஈடிஎப்) 3 வீதம் அதற்கு மேல். 2021இலிருந்து அது நின்றுவிட்டது. 50 வயதில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய காசு அது. கிடைக்காத சம்பள உயர்வையும் கை நழுவிய பதவியையும் நான் சேர்க்கவே இல்லை.

இனி உங்கள் எண்ணெய்க்கு வருகிறேன். எதிர்காலம் இருக்கிறதா என்கிறீர்கள். 2014 நடுப்பகுதியில் 100 டொலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே இறங்கியது. 2020 ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்க எண்ணெய் விலை பூச்சியத்துக்குக் கீழே போய் −37 டொலரில் நின்றது. இரண்டு தரமும் உங்கள் சக பொறியியலாளர்கள் வீட்டுக்குப் போனதை நேரில் பார்த்தவர் நீங்கள். அந்தத் தொழில் அப்படித்தான், ஏறும், இறங்கும், ஆட்களைத் துப்பும், திரும்பக் கூப்பிடும். உங்கள் மகள் படித்து முடிக்கும்வரை யாரோ ஒருவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இதற்குப் போய் நித்திரை கெடுவானேன்?

மன்னாரை நம்பிக் கொழும்பில் குந்தியிருக்கவும் வேண்டாம். 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் தோண்டினார்கள், ஒன்றும் இல்லை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஆழமான கடலில் தோண்டியது. டொராடோ என்ற கிணற்றில் எரிவாயு, பரகுடா என்ற கிணற்றில் எரிவாயு. எங்கள் பத்திரிகைகள் எல்லாம் குதித்தன. 2015இல் கம்பனி கிளம்பிவிட்டது. அந்த எரிவாயுவில் இன்றுவரை ஒரு வீட்டிலும் தேத்தண்ணி கொதிக்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் எழுதியது ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. எரிவாயு இருக்கிறது என்று கண்டாலும், எடுக்கும் திட்டமும் காசும் உறுதியாகாத வரை அதை 'ரிசர்வ்' (எடுக்கக்கூடிய இருப்பு) என்று எழுத உங்கள் தொழிலில் அனுமதி இல்லையாம். எழுதலாம் என்றான பிறகும் ஓர் எண் போதாதாம். இந்த அளவாவது கிடைப்பதற்கு 90 வீத வாய்ப்பு என்று ஓர் எண், 50 வீதத்துக்கு ஒன்று, 10 வீதத்துக்கு ஒன்று. கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த காமாக் கதிர்க் கோட்டைப் பார்த்து களிக்கல்லா மணற்கல்லா என்று சொல்வீர்கள். மின்தடைக் கோட்டைப் பார்த்து கல்லின் துவாரத்தில் உப்புத்தண்ணியா எண்ணெயா என்று சொல்வீர்கள். அப்படிச் சொன்ன பிறகும் கிணற்றை ஓடவிட்டுச் சோதித்தால்தான் மேலதிகாரி நம்புவார். கல்லுக்கு இவ்வளவு கவனம். தங்கச்சியைப் பற்றி மட்டும் 'கூடவே இருக்கிறாள்' என்று ஒரே வரியில், நூற்றுக்கு நூறு நிச்சயமாக, அடுத்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டீர்கள். எதைச் சோதித்து எழுதினீர்கள்? அவளிடம் கேட்டீர்களா? ஏழு பக்கத்தில் அவள் சொன்னதாக ஒரு சொல் இல்லை. அவளுக்கு என்ன வயது என்றுகூட இல்லை. மன்னார் எரிவாயுவுக்குக் கொடுத்த மரியாதையை அவளுக்கும் கொடுக்கலாமே!

ஆகவே இப்போதைக்கு இரண்டு கம்பனிக்கும் பதில் எழுத வேண்டாம். அபுதாபிக்காரர் மூன்று கிழமை தவணை தந்திருக்கிறார்கள் என்றீர்கள். அதில் இரண்டு கிழமைக்குத் தங்கச்சியை வெளியே அனுப்புங்கள். சிநேகிதி வீடோ, மட்டக்களப்போ, சென்னையோ, அவள் விரும்புகிற இடம். கையில் காசு கொடுங்கள், கணக்கு வேண்டாம் என்று வாயால் சொல்லியே கொடுங்கள். அந்த இரண்டு கிழமையும் அப்பாவை நீங்கள் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பது, பம்பர்ஸ் மாற்றுவது, கஞ்சியை ஒரு கரண்டி ஒரு கரண்டியாக விழுங்க வைப்பது, முதுகில் புண் வருகிறதா என்று பார்ப்பது. உங்கள் மனைவி செய்தால் அது கணக்கில்லை. தங்கச்சியின் தலையில் இருந்து இறக்கி மனைவியின் தலையில் ஏற்றுகிற அண்ணன்மாரும் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

திரும்பி வந்த பிறகு அவளைக் கேளுங்கள். அப்பா காதுபடக் கேட்க வேண்டாம், அடுப்படியில் நிற்கும்போதும் வேண்டாம். பின்னேரம் மரீன் டிரைவ் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். 'எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணா' என்றுதான் முதலில் சொல்வாள். அதை மறுமொழியாக எடுக்காதீர்கள். வேலைக்குத் திரும்ப விருப்பமா, கல்யாணம் பேசலாமா, படிக்க ஆசையா என்று தனித்தனியாகக் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

வேலைக்குப் போக வேண்டும் என்றால், பகலுக்கு ஓர் ஆளை வைக்கிற செலவு உங்களுடையது. இப்படியே இருக்கிறேன் என்றால், அவள் வங்கியில் இன்று கையில் எடுத்திருக்கக்கூடிய சம்பளத்தை மாதாமாதம் அவள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள், ஈபிஎப், ஈடிஎப்புக்குப் போயிருக்கக்கூடிய அந்த 23 வீதத்தையும் சேர்த்து. வீட்டுச் செலவுக் காசு வேறு. அதை இனி டொலரில் முடிவு செய்யுங்கள், ரூபாவில் அல்ல.

வேலையைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டு வழிதான் எழுதியிருக்கிறீர்கள், மூன்றாவதை நீங்களே ஆறாம் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். மதிப்பீடு அலுவலக வேலை, அதனால் அங்கேயே குடியிருக்க வேண்டும். ரிக்கில் நிற்கிற புவிச்சரிதவியலாளருக்கு 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்பது உங்கள் துறையில் சாதாரணம். அந்த வேலையை நீங்கள் முன்பு செய்திருக்கிறீர்கள். 'அதெல்லாம் பொடியன்மார் செய்யும் வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள். நள்ளிரவில் எழும்பி, சேற்றோடு வருகிற கல்துண்டைக் கழுவி மைக்ரஸ்கோப்பில் வைப்பது 43 வயதில் கௌரவக் குறைச்சல் என்றால், நள்ளிரவில் எழும்பி அப்பாவைக் கழுவுகிறவளுக்கு என்ன கௌரவம் மிஞ்சியிருக்கிறது? அந்த முறையில் ஒரு வேலை எடுத்தால் வருடத்தில் பாதி நாள் கொழும்பில் நிற்பீர்கள், மகளின் பள்ளிக்கூடமும் மாறாது. சம்பளம் அபுதாபி அளவுக்கு வராமல் போகலாம், ஆலோசனை நிறுவனம் தருவதைவிட நிச்சயம் கூட வரும். அபுதாபிக் கம்பனியிடமே அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக, பிளாட் உங்கள் பெயரில் என்று எங்கோ ஓர் அடைப்புக்குள் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குப் பிறகு அவள் எங்கே இருப்பாள் என்பது அந்த அடைப்புக்குள்தான் கிடக்கிறது. எந்த வேலைக்குப் போனாலும், விமானம் ஏறுவதற்கு முன் ஒரு நொத்தாரிசிடம் போய், அவள் வாழ்நாள் முழுக்க அங்கே இருக்கும் உரிமையை உறுதியில் எழுதிவிட்டுப் போங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுதின பிரதி அவள் அலுமாரியில் இருக்கட்டும், உங்கள் போனில் அல்ல.