வாசகர் கேள்வி பதில்: கதைய யாரு சொல்றா, எங்கேர்ந்து சொல்றா?

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்லேர்ந்தும் சுத்துவட்டாரத் தோட்டங்கள்லேர்ந்தும் இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல கதை, சினிமா பத்தித்தான் இருந்திச்சி. அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கப் பரிட்சை)ல தமிழ் இலக்கியம் எடுக்குறேன். பின்னோக்கு உத்தி, கடித உத்தி, உரையாடல் உத்தி எல்லாம் மனப்பாடம், எந்த இடத்துல வருதுன்னும் எழுதிடுவேன். ஆனா அந்த உத்தி கருப்பொருளுக்கு என்ன செய்யுதுன்னு டீச்சர் கேட்டா பேனா நின்னுடுது. (ஐந்தாம் படிவ மாணவி)

பதில்: தங்கச்சி, அந்த லிஸ்ட்ட கொஞ்சம் ஓரமா வை. புதுமைப்பித்தனோட 'செல்லம்மாள்' கதைய எடுத்துக்குவோம். சென்னையில ஜவுளிக்கடையில வேல பாக்குற பிரமநாயகம் பிள்ளை, அவரோட சீக்காளிப் பொண்டாட்டி செல்லம்மாள், கையில காசு கெடையாது, ஒத்தாசைக்கு ஆளு கெடையாது. கதை ஆரம்பிக்கும்போதே செல்லம்மாள் செத்துட்டா, அதுக்கப்புறந்தான் பின்னால போயி அவளோட கடைசி நாட்கள சொல்றாரு.

இப்ப அதையே வரிசையா சொல்லிப் பாரேன், கல்யாணம், பட்டணம், நோய், வைத்தியம், சாவுன்னு. நாம 'பொழைப்பாளா மாட்டாளா'ன்னு அது ஒண்ணையே புடிச்சிக்கிட்டு கடைசிப் பக்கத்துக்கு ஓடுவோம். சாவ முதல்லயே சொல்லிட்டதால அந்தப் பரபரப்பு அடங்கிப் போயிடுது, நம்ம கவனமெல்லாம் அந்த மனுசன் அவளுக்காக செய்யுற வேலைங்க மேல விழுது, கடையிலேர்ந்து களைச்சி வந்து அவளக் கவனிக்கிறது, அவ கேக்குறதுக்கெல்லாம் சரி சரின்னு சொல்றது. இதெல்லாம் அவளக் காப்பாத்தப் போறதில்லன்னு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, தெரியாமலே செய்யுறாரு. பலன் கெடைக்காத எடத்துலயும் விடாம செய்யுற அன்புதான் கருப்பொருள்னா, அத நம்மள உணர வைக்கிறது அந்தக் கால மாத்தந்தான். பரிட்சையிலயும் இப்படியே எழுது. உத்திய எடுத்துட்டு கதைய நேராச் சொன்னா எது காணாமப் போகுதோ, அதத்தான் உன் டீச்சர் கேக்குறாங்க.

கேள்வி: 'விருமாண்டி' படத்துல ஒரே சம்பவத்த ரெண்டு தடவ காட்டுறாங்களே, ஒரு தடவையே உருப்படியா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? (செம்பனை லாரி ஓட்டுநர்)

பதில்: அண்ணே, அந்த ரெண்டாவது தடவைக்காகத்தான் படமே. 2004ல வந்த படம், மரண தண்டன வேணாம்னு நெனைக்கிற ஒரு பொண்ணு ஜெயிலுக்குள்ள கேமராவோட போறாங்க, மொதல்ல அங்க கைதியா இருக்குற கொத்தாளத் தேவர் தன் கதைய சொல்றாரு, அப்புறம் விருமாண்டி சொல்றான். கொத்தாளத் தேவர் சொல்றப்ப நாம சந்தேகப்படறதே இல்ல, ஏன்னா கண்ணால பாத்துட்டோம், திரையில பாத்தது நடந்ததுதான்னு நமக்குப் பழகிப் போச்சி. அப்புறம் அதே ஊரு, அதே ஆளுங்க, ஆனா யாரு மொதல்ல கத்திய எடுத்தா, யாரு யாரக் காப்பாத்த வந்தாங்கறதெல்லாம் மாறிப் போகுது. தியேட்டர்ல உக்காந்து மனசுக்குள்ள ஒருத்தனுக்குத் தீர்ப்பு எழுதிட்டோமே, அத அழிக்க வேண்டி வருது பாருங்க, படத்துல அழிக்கலாம், தூக்குல போட்ட ஆள திருப்பிக் கொண்டாற முடியுமா? மரண தண்டன பத்தி வசனத்துல எவ்வளவு பேசினாலும் இந்த அளவுக்கு இறங்காது. எனக்கு ஒரு கொற உண்டு, ரெண்டாவது கதைதான் உண்மைன்னு படமே முடிவு கட்டிடுது, கொஞ்சம் சந்தேகத்த மிச்சம் வச்சிருந்தா இன்னும் பலமா இருந்திருக்கும்.

முடிஞ்சா 1954ல எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' பாருங்க. ஒரு பாட்டு கூட கெடையாது. ஆரம்பத்துலயே சிவாஜி சுடப்பட்டு செத்துடுவாரு, ஒவ்வொருத்தரும் அவரப் பத்தி ஒவ்வொண்ணு சொல்றப்ப, கொன்னது யாருங்கற கேள்விய விட, செத்தவன் எப்படிப்பட்டவன்ங்கற கேள்வி பெருசாயிடும்.

கேள்வி: 'ஜகாட்' படம் நம்ம கத, ஆனா ஏன் ஒரு சின்னப் பையன் வழியா சொல்றாங்க? தோட்டம் போனதப் பத்தி பெரியவங்க யாராவது சொல்லியிருந்தா இன்னும் வெவரமா இருந்திருக்குமே. (ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி)

பதில்: ஐயா, உங்க ஆதங்கம் எனக்கும் புரியுது, வெள்ளனா பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, போயி நின்னவங்களுக்குத் தெரிஞ்ச வெவரம் அந்தப் பையனுக்குத் தெரியாது. டைரக்டர் சஞ்சய் குமார் பெருமாள் அந்தத் தெரியாமையத்தான் புடிச்சிக்கிட்டாரு. தோட்டத்த விட்டு வெளிய வந்த குடும்பம், 1990 வாக்குல நடக்குது. அப்பாவோட கண்டிப்பு ஒரு பக்கம், குண்டர் கும்பல்ல இருக்குற அப்பாவோட சகோதரர் இன்னொரு பக்கம், நடுவுல அப்போய்ன்னு ஒரு பையன்.

பெரியவரு ஒருத்தரு சொல்லியிருந்தா காரணமெல்லாம் வரிசையா வந்திருக்கும், தோட்டத்த வித்தாங்க, லயத்து வீடுங்கள இடிச்சாங்க, பட்டணத்துல வேல கெடைக்கல, பையனுங்க கெட்டுப் போனாங்கன்னு. நாமளும் தலைய ஆட்டிட்டு வந்திருப்போம். பையனுக்குக் காரணம் தெரியாது, யாரு தன்னை மதிக்கிறா, யாரு அடிக்கிறாங்கறது மட்டுந்தான் தெரியும். அவன் உயரத்துலேர்ந்து பாக்குறப்ப அந்தக் கும்பல்காரரோட தெனாவட்டு நமக்கே கவர்ச்சியா தெரியுது, தப்புன்னு தெரிஞ்சும் அந்தப் பக்கம் மனசு சாயுது. நம்ம புள்ளைங்க ஏன் அந்தப் பக்கம் போறாங்கன்னு கூட்டம் போட்டுப் பேசுறோமே, அதுக்கு எந்தக் கூட்டத்துலயும் கெடைக்காத பதில் அந்த சாய்வுல இருக்கு. தோட்டம் போனது படத்துல பேச்சா இல்லாம, அந்தப் பையன் நிக்கிறதுக்கு ஒரு எடம் இல்லாமப் போனதா இருக்கு. 2016ல மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படமா தேர்ந்தெடுத்தாங்க, அது தமிழ்ப்படம்ங்கறதுல எனக்கு இன்னிக்கும் பெருமை.

கேள்வி: பின்னணியில குரல் வந்து கதை சொன்னா அது பலவீனமான படமா? (கல்லூரி மாணவர்)

பதில்: திரையில தெரியுறதையே குரலும் சொன்னா ஆமா. திரை ஒண்ணு காட்டி குரல் வேற சொன்னா, அங்கதான் வேலையே ஆரம்பிக்குது.

கேள்வி: இந்த உத்தியெல்லாம் வெள்ளைக்காரங்ககிட்டேர்ந்து வந்ததுதானே? (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்)

பதில்: நாவலும் சினிமாவும் அங்கேர்ந்து வந்ததுதான் வாத்தியாரே, ஆனா ஒண்ணச் சொல்லி இன்னொண்ண உணர்த்துற வேலைய நாம யார்கிட்டயும் கத்துக்கல. குறுந்தொகை 25வது பாட்டு, கபிலர் பாடினது. தலைவன் தன்னோட சேர்ந்தப்ப சாட்சிக்கு யாருமே இல்லன்னு தலைவி சொல்றா, அவனே பொய் சொன்னா நான் என்ன செய்வேன்ங்கறா, அங்க இருந்ததெல்லாம் ஒரு நாரைதான், அதுவும் ஓடுற தண்ணியில ஆரல் மீனப் பாத்துக்கிட்டு நின்னுச்சாம். தன் பயத்த அவ வெளக்கவே இல்ல. இருந்த ஒரே சாட்சிக்கும் தன் இரை மேலதான் கண்ணு, அவனும் அப்படித்தானோங்கற சந்தேகம் நமக்கே வந்துடுது. இதே மாதிரி ஒரு ஷாட் வச்சா இன்னிக்கு டைரக்டர நாம தலையில தூக்கி வச்சி ஆடுவோம்.

கேள்வி: எங்க தாத்தா சயாம் ரயில் பாதை வேலைக்குப் போயி உயிரோட திரும்பி வந்தவரு. அவரு சொன்னத கதையா எழுதணும், ஆனா முன்னுக்குப் பின்னாதான் சொல்வாரு, பாதியில நிறுத்திடுவாரு. எப்படி வரிசைப்படுத்துறது? (கோலகங்சார் வாசகர்)

பதில்: தம்பி, வரிசைப்படுத்தாதீங்க. 1942, 43ல ஜப்பான்காரன் சயாமுக்கும் (இப்பத்த தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையப் பத்தி வருசம், ஊருப் பேரு எல்லாம் வரலாற்றுப் புத்தகத்துல கெடைக்கும். மலாயாத் தோட்டங்கள்லேர்ந்து போன நம்ம ஆளுங்க அங்க எப்படிச் செத்தாங்கன்னும் அதுல இருக்கும். உங்க தாத்தா எந்த எடத்துல நிறுத்தினாருங்கறது எந்தப் புத்தகத்துலயும் கெடைக்காது. சோத்தப் பத்திப் பேசிக்கிட்டே இருந்து ஒரு கூட்டாளி பேரு வந்ததும் நிறுத்தினாரா? அப்ப கதையும் அங்கயே நிக்கட்டும், அடுத்த பத்தியில அவரு வெத்தல மடிக்கட்டும். அந்தக் கூட்டாளிக்கு என்ன ஆச்சின்னு உங்களுக்குத் தெரியலேன்னா கற்பனை பண்ணி ரொப்பாதீங்க, கேக்குற பேரனுக்கும் தெரியாமலே இருக்கட்டும். அதனால கதைய தாத்தா வாயால சொல்லாம, பக்கத்துல உக்காந்து கேட்ட பேரன் வாயால சொல்லுங்க, அப்பத்தான் அவரு பேசாம இருக்குறதும் கதைக்குள்ள வரும். எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்க.